அண்ணாச்சின்னு கூப்பிட்டா என்ன குத்தம்?
பாமாவின் கிசும்பும் நம் தெருக்களின் கேலி முறையும்

பாமாவைப் பற்றி எழுதியவர்களில் பாதிப்பேர் கண்ணைத் துடைத்துக் கொண்டே எழுதியிருக்கிறார்கள். வலி, ரணம், காயம், கண்ணீர் என்ற நாலு சொல்லைக் கையில் வைத்துக் கொண்டு 'கருக்கு' மீது ஏறியவர்கள் இன்னும் இறங்கவில்லை. 1992இல் 'கருக்கு', 1994இல் 'சங்கதி', 1996இல் 'கிசும்புக்காரன்'. மூன்றாவது புத்தகத்தின் பெயரே கிசும்பு. அதைப் படித்துவிட்டும் ஒருத்தரும் சிரித்ததாக எழுதவில்லை. தலித் என்றால் அழ வேண்டும், அழுததை மேல்சாதி வாசகன் பார்த்து இரங்க வேண்டும் என்று எழுதாத ஒப்பந்தம் ஒன்று இலக்கியச் சந்தையில் இருக்கிறது. சிரித்தால் அந்த வியாபாரம் படுத்துவிடும்.

சிரிப்பைக் கவனித்த ஒரு சிலரும் அதை இரண்டு பெட்டியில் ஒன்றில் போட்டு மூடினார்கள். ஒன்று, கொச்சை. மற்றது, வெகுளித்தனம். 'எவ்வளவு கஷ்டத்திலும் சந்தோஷமா இருக்காங்க பாருங்க' என்கிற இரண்டாவது பெட்டிதான் எனக்கு அதிக எரிச்சல். தொண்ணூறுகளில் பக்தினைப் படித்துவிட்டு வந்த நண்பர்கள் 'கார்னிவல்' என்று மூன்றாவது பெட்டி ஒன்றும் செய்தார்கள். அது கொஞ்சம் காற்றோட்டமான பெட்டி, அவ்வளவுதான். திருவிழா வருஷத்துக்கு ஒருநாள். நம் தெருவில் கேலி தினசரி நடக்கிறது. அதற்கு விதி உண்டு, கணக்கு உண்டு, வரவு செலவு உண்டு.

அந்த விதிக்குப் பெயர் முறை.

சங்கரன்கோவில் பக்கத்துத் தெருக்களில் வளர்ந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்ற மாவட்டத்துத் தோழர்களுக்காகச் சொல்கிறேன். யார் யாரைக் கேலி பண்ணலாம் என்பது பிறக்கும்போதே முடிவாகி விடுகிறது. மச்சான் மச்சானைப் பண்ணலாம். மைனி கொழுந்தனைப் பண்ணலாம், அதிலும் கிழவி மைனி என்றால் கேட்கவே வேண்டாம், இளவட்டம் அந்தத் தெருவழியே போக முடியாது. அத்தைக்காரி மருமகனின் மீசையை, நடையை, சட்டையை, ராத்திரி வந்த நேரத்தை எல்லாம் சந்தியில் வைத்து அலசலாம். ஆனால் கூடப் பிறந்தவளிடமோ சின்னய்யா மகளிடமோ அந்த வார்த்தையில் கால்வாசியைச் சொல்லிவிட்டால் அன்று சண்டைதான். கட்டிக்கொள்கிற முறையில் கேலி. கட்டக்கூடாத முறையில் மரியாதை. ராட்கிளிஃப் பிரவுன் என்ற மானிடவியலாளர் 1940இல் இதைக் 'கேலி உறவு' என்று எழுதினார். அனுமதிக்கப்பட்ட அவமரியாதை அது, ஒருத்தர் பண்ணலாம், மற்றவர் கோபப்படக் கூடாது என்பது அவருடைய விளக்கம். ஆப்பிரிக்காவில் பார்த்து எழுதிய விஷயம் எங்கள் தெருக் கிழவிகளுக்கு அவரைவிட நன்றாகத் தெரியும்.

அவர் அழுத்திச் சொல்லாத ஒன்று உண்டு. இந்தக் கேலி ஒரு சேமிப்பு. எங்கள் பக்கம் பிச்சியும் மல்லியும் எடுக்கப் போகிற பெண்கள் விடியுமுன்னே லோடு வண்டியில் ஏறுவார்கள். முதல்நாள் ராத்திரி ஒருத்தி புருசனிடம் அடி வாங்கியிருப்பாள், கன்னம் வீங்கியிருக்கும். வண்டியில் ஒருத்தியும் 'என்னாச்சு' என்று கேட்க மாட்டாள். 'ஏட்டி, ராத்திரி ஒங்க வீட்ல மேளம் பலமாக் கேட்டுச்சே, யாருக்குக் கொடை?' என்று மைனிக்காரி ஆரம்பிப்பாள். அடி வாங்கினவளே, 'ஒந்தம்பிக்குச் சாமி வந்துருச்சி, மஞ்சத்தண்ணி ஊத்தத்தான் ஆளில்ல' என்பாள். வண்டி குலுங்கும். தோட்டத்தில் அவள் நிரையைப் பக்கத்து நிரைக்காரி பாதி எடுத்துக் கொடுத்திருப்பாள். அன்றைக்குக் கூலி வாங்கித் திரும்பும்போது அவள் பிள்ளைக்கு ரொட்டி வாங்க யாரோ காசு கொடுத்திருப்பார்கள். சாயங்காலம் அந்த மைனிக்காரியே தம்பி வீட்டு வாசலில் போய் நின்று கொண்டு கத்துவாள், இந்தமுறை கேலி இல்லாமல். காலையில் கேலி பண்ணினவளுக்குத்தான் சாயங்காலம் கத்துகிற உரிமை. துக்கம் விசாரிக்கிற மொழியில் அந்தப் பெண்ணால் பதில் சொல்லியிருக்க முடியாது, அழுதிருப்பாள், வேலை கெட்டிருக்கும், கூலி போயிருக்கும். கேலி அவளுக்குப் பதில் சொல்ல ஒரு வழி விட்டது.

'சங்கதி'யில் இது பூராவும் கிடக்கிறது. ராக்கம்மா அடிக்க வருகிற புருசனைப் பார்த்துக் கத்துகிற வசவை எடுத்து வைத்துக் கொண்டு 'இதெல்லாம் இலக்கியமா' என்று கேட்டவர்கள் உண்டு. அந்த வார்த்தைகள் சந்தி முழுக்கக் கேட்க வேண்டும், ஆள் கூட வேண்டும், கூடினால் அவன் கை இறங்கும். அதற்காகத்தான் அந்தச் சத்தம். அவள் அப்படிக் கத்தியிராவிட்டால் தப்பியிருக்க மாட்டாள் என்பதைக் கதைசொல்லியே உணர்கிறாள். இதற்கு மேலும் அதில் ஆபாசத்தைத் தேடுகிறவர்கள் தங்கள் காதைச் சோதித்துக் கொள்ளலாம்.

இப்போது 'அண்ணாச்சி' கதைக்கு வருகிறேன். 'கிசும்புக்காரன்' தொகுப்பில் எனக்கு முக்கியமான கதை இதுதான். கதை சின்னது. அம்மாசி என்கிற இளவட்டம் மேல்சாதி நிலக்காரர் முன்னால் பஸ்ஸில் எழுந்து நிற்காமல் உட்கார்ந்தே வருகிறான். போதாக்குறைக்கு அவரை அண்ணாச்சி என்று கூப்பிட்டும் விடுகிறான். பிராது பஞ்சாயத்துக்கு வருகிறது. அடித்தான் என்று பிராது இல்லை, திருடினான் என்றும் இல்லை. மூத்தவரை அண்ணாச்சி என்றான், அதுதான் குற்றம். அண்ணாச்சி என்ற சொல் நெல்லைச் சீமையில் எவ்வளவு மலிவு என்பது தெரிந்தால்தான் இந்தக் கதையின் கிசும்பு புரியும். பலசரக்குக் கடைக்காரர் அண்ணாச்சி, பஸ் கண்டக்டர் அண்ணாச்சி, முன்பின் தெரியாத ஆள் வழி மறித்தாலும் அண்ணாச்சி. 2006இல் இங்கிலீஷில் இந்தத் தொகுப்பு வந்தது. அந்த வாசகனுக்கு இச்சொல்லுக்கு அடிக்குறிப்புப் போட்டு அர்த்தம் சொல்லிவிடலாம், மலிவைச் சொல்ல முடியாது.

எல்லோருக்கும் கிடைக்கிற அந்தச் சொல்லை அம்மாசி எடுத்ததும் ஏன் ஊர் கொதிக்கிறது? ஊர்க்காரனுக்கும் நமக்கும் நடுவில் முறை என்பதே கிடையாது. அய்யா உண்டு, சாமி உண்டு, மொதலாளி உண்டு. அந்தப் பக்கமிருந்து 'ஏலே' உண்டு. பத்து வயசுப் பொடியன் எழுபது வயசுக் கிழவரை ஏலே என்கிற 'உரிமை' உண்டு. ஆனால் மாமன் இல்லை, மச்சான் இல்லை, சின்னய்யா இல்லை, அண்ணன் இல்லை. முறை இல்லாத இடத்தில் கேலியும் இல்லை. அவன் நம்மைப் பண்ணுவது கேலி ஆகாது, அதற்குப் பதில் சொல்ல நமக்கு அனுமதி கிடையாது. பதில் சொல்ல முடிகிற அவமரியாதைதான் கேலி. மற்றது வெறும் அவமரியாதை. அம்மாசி செய்தது என்னவென்றால், இல்லாத முறையை இருப்பதாக வைத்துக் கொண்டு பேசினான். அவன் எதிர்த்து ஒரு வசவு வைதிருந்தால் ஊர் அடித்துப் போட்டுவிட்டுப் போயிருக்கும், அது அதற்குப் பழகிய கணக்கு. மரியாதையான சொல்லை எடுத்து எறிந்ததால்தான் பஞ்சாயத்தால் எந்தச் சட்டத்தில் தண்டிப்பது என்று தெரியாமல் முழிக்க வேண்டியிருக்கிறது. 1949 நவம்பர் 25இல் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் பேசியபோது, சகோதரத்துவம் இல்லாமல் சுதந்திரமும் சமத்துவமும் மேல்பூச்சாகவே நிற்கும் என்று எச்சரித்தார். அம்மாசி அந்த உரையைப் படித்திருக்க மாட்டான். பஸ்ஸில் உட்கார்ந்து கொண்டே அதைச் சோதித்துப் பார்த்துவிட்டான்.

இந்தக் கதையை நான் எங்கள் தெருவில் ஒரு சாயங்காலம் வாய்விட்டு வாசித்தேன். பூ எடுக்கப் போகிற பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர், ரெண்டு காலேஜ் பையன்கள். பஞ்சாயத்து இடத்தில் சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். சிரித்தார்கள், ஆனால் அளவாக. முடிந்ததும் ஒரு பெரியம்மை வெத்தலையை ஒதுக்கிக் கொண்டு கேட்டது: "அண்ணாச்சின்னதுக்கே இந்தப் பாடுன்னா, மச்சான்னு கூப்ட்டிருந்தா என்ன ஆயிருக்கும்யா?" அதற்குத்தான் கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அப்புறம் கொஞ்ச நேரம் யாரும் ஒன்றும் பேசவில்லை.

பல்கலைக்கழகத்தில் இந்தக் கதைக்குப் பல ஆய்வுக்கட்டுரை எழுதலாம், இந்த ஒரு கேள்விக்கு ஈடாகாது. அண்ணன் என்பது பத்திரமான முறை. அதில் கொடுக்கல் வாங்கல் இல்லை. மச்சான் என்றால் உன் தங்கச்சியை நான் கட்டுவேன் என்று அர்த்தம். 1936இல் 'சாதி ஒழிப்பு' உரையில் அம்பேத்கர் சமபந்தி போஜனத்தால் ஆகாது, கலப்பு மணம்தான் மருந்து என்றார். பாமாவின் கதை முதல் படியில் நிற்கிறது. பெரியம்மை அடுத்த படியைக் காட்டிவிட்டது. அந்தப் படியில் கால் வைத்தவர்களுக்கு என்ன நடக்கிறது என்பதற்கு உடுமலைப்பேட்டை பஸ் நிலையத்தருகே 2016 மார்ச்சில் வெட்டப்பட்ட சங்கரைச் சொல்லலாம். ரொம்ப தூரம் போக வேண்டாம், 2025 ஜூலையில் பாளையங்கோட்டையில் கவின் கொல்லப்பட்டான். அந்த அமைதியில் எல்லோருக்கும் எது ஞாபகம் வந்தது என்று நான் கேட்கவில்லை.

இதை வைத்துக் கொண்டு 'கருக்கு'வின் அந்தப் பிரபலமான வடைப் பொட்டலத்தை மறுபடி படிக்கலாம். பள்ளிக்கூடம் விட்டு வருகிற சிறுமி, நம் தெருப் பெரியவர் ஒருத்தர் பலகாரப் பொட்டலத்தைத் தொடாமல் கயிற்றைப் பிடித்துத் தூக்கிக் கொண்டு போய் நாயக்கரிடம் கொடுப்பதைப் பார்க்கிறாள். அவளுக்குச் சிரிப்பு தாங்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து அண்ணனிடம் அந்தக் கூத்தைச் சொல்கிறாள். அண்ணன் சிரிக்கவில்லை. தொட்டால் தீட்டு என்பதால்தான் அப்படி என்று சொல்கிறார். சிரிப்பு நின்றுவிடுகிறது. விமர்சகர்கள் எல்லோரும் இதை 'விழிப்புணர்வு பிறந்த கணம்' என்று எழுதிவிட்டுப் பக்கத்தைத் திருப்பி விட்டார்கள். நின்ற சிரிப்பு எங்கே போனது என்று கேட்கவில்லை. அது நாலு வருஷம் கழித்து 'கிசும்புக்காரன்' ஆக வந்தது என்பது என் வாசிப்பு. சிறுமி அன்றைக்குக் கயிற்றைப் பிடித்தவரைப் பார்த்துச் சிரித்தாள். எழுத்தாளர் உட்கார்ந்து தின்றவரைப் பார்த்துச் சிரிக்கிறார். அந்த அண்ணன்தான் ராஜ் கௌதமன். 2024 நவம்பரில் போய்விட்டார். 'சிலுவைராஜ் சரித்திரம்' எழுதி, தன்னையே ஐந்நூறு பக்கத்துக்கு மேல் கேலி பண்ணிக் கொண்ட ஆள் அன்றைக்கு மட்டும் சிரிக்காமல் இருந்தார். தமிழ் தலித் இலக்கியம் அந்தச் சிரிக்காமைக்குக் கடன்பட்டிருக்கிறது.

இவ்வளவு சொன்ன பிறகு என் சங்கடத்தையும் சொல்லிவிட வேண்டும். 'கிசும்புக்காரன்' கதைகளில் சிரிப்பு சில இடத்தில் சுலபமாக ஜெயித்து விடுகிறது. நம்மாள் ஒரு போடு போடுகிறான், நிலக்காரர் முழிக்கிறார், கதை முடிகிறது. மறுநாள் காலை அந்தத் தெருவுக்கு வருவதே இல்லை. 'கருக்கு' வெளிவந்த அதே 1992இல், மார்ச் மாதம், எங்கள் சங்கரன்கோவில் வட்டாரத்தில் குறிஞ்சாங்குளத்தில், காந்தாரியம்மனுக்குக் கோயில் கட்டுவதில் தகராறாகி நாலு தலித்துகளைக் கொன்றார்கள். சாமி கும்பிட இடம் கேட்டதற்கு அது. அம்மாசி எங்கள் வட்டாரத்தில் பிறந்திருந்தால் பஞ்சாயத்தோடு கதை முடிந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம். அதே 1996இல் வந்த சோ. தர்மனின் 'தூர்வை'யைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவர் தன்னை தலித் எழுத்தாளர் என்று சொல்லிக் கொள்ள மறுக்கிறவர், அந்தச் சண்டை இங்கே வேண்டாம். அந்த நாவலில் மினுத்தான், மாடத்தி கையில் நிலம் இருக்கிறது. அதனால் அங்கே கேலி ஊரை நோக்கித் திரும்பாமல் தங்களுக்குள்ளேயே சாவகாசமாகப் புரள்கிறது. நிலம் உள்ளவனின் சிரிப்புக்கு அவசரமில்லை. பாமாவின் சனங்களுக்கு அந்தச் சாவகாசம் கிடையாது. பெரிய போடாகப் போட வேண்டியிருக்கிறது. கதை சுலபமாக முடிவதற்குக் காரணம் கைத்திறன் குறைவு என்று நான் நினைக்கவில்லை. ஆனால் வாசகனை நிம்மதியாக வீட்டுக்கு அனுப்பிவிடுகிறது என்ற குறை அப்படியே நிற்கிறது.

எதிர்த்தரப்புக்கும் சிரிப்பு உண்டே. 2022 செப்டம்பரில் கரிவலம்வந்தநல்லூர் பக்கத்துப் பாஞ்சாகுளத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மிட்டாய் வாங்கப் போனார்கள். ஊரில் கட்டுப்பாடு போட்டிருக்கிறது, உங்களுக்கு இனி எதுவும் தரக்கூடாது என்று கடைக்காரர் சொல்லி அனுப்பினார். அதைச் செல்போனில் படம் பிடித்துப் பரப்பியதும் அவர்கள் தரப்புதான். பழைய அடிதடி வழக்கில் நம்மாட்கள் சமாதானத்துக்கு வரவில்லை என்ற காய்ச்சல். வழக்குப் பாய்ந்து கைதானார்கள், கடைக்கு சீல் வைத்தார்கள், நீதிமன்றம் சம்பந்தப்பட்டவர்களை ஊருக்குள் வரக்கூடாது என்று தடுத்தது. எல்லாரும் அந்தத் தீண்டாமையைப் பற்றி எழுதினார்கள், சரி. எனக்கு உறுத்தியது அந்தக் குரல். அதில் கோபமே இல்லை. சிரித்த முகமாக, சொந்தப் பிள்ளைகளிடம் பேசுவது போன்ற இதமான குரல். தன் ஆட்கள் பார்த்து ரசிப்பதற்கென்று பிடித்த படம் அது. அவர்களுக்குள் அதுவும் கிண்டல்தான், அதுவும் ஒருத்தருக்கொருத்தர் ஒத்தாசைதான். சங்கனும் பதுமனும் சண்டை போட்டார்கள் என்று சிவனும் விஷ்ணுவும் ஒரே உடம்பாக வந்து நின்ற தலம் என்று ஆடித்தபசுக்கு லட்சம் பேர் கூடுகிற வட்டாரம் இது. மிட்டாய்க்கு மட்டும் ரெண்டு உடம்பு. சிரிப்பும் ஒத்தாசையும் தன்னளவில் விடுதலையானவை என்று நினைக்கிற நம் கார்னிவல் நண்பர்கள் அந்தப் படத்தை ஒருதரம் பார்க்கட்டும்.

நம் வீட்டு அழுக்குக்கும் வருவோம். 'கருக்கு' வந்ததும் பாமாவின் சொந்த ஊர்க்காரர்களே கோபப்பட்டார்கள். சில மாதங்கள் ஊருக்குள் போக முடியவில்லை என்று அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். பிற்பாடு புரிந்துகொண்டார்கள். படிப்பறிவில்லாத சனங்கள், புரியாமல் செய்துவிட்டார்கள் என்று நாம் சமாதானம் சொல்லி விடுகிறோம். எனக்கென்னவோ அவர்களுக்கு நன்றாகப் புரிந்தது என்றே படுகிறது. பட்டப்பெயர்களுக்கு அந்தப் புத்தகத்தில் தனி இடமே இருக்கிறது. தெருவுக்குள் மைனி கூப்பிட்டால் அது கேலி. அச்சில் ஏறி, முறை இல்லாத எவனோ மெட்ராஸில் படித்துச் சிரித்தால்? பதில் சொல்ல வழியில்லாத கேலியாக அது மாறிவிடுகிறது. அந்தக் கோபத்தில் ஒரு நியாயமான விமர்சனம் இருந்தது. தலித் எழுத்தில் யாருடைய காது முன்னால் நாம் சிரிக்கிறோம் என்ற கேள்வியை முதலில் எழுப்பியவர்கள் புதுப்பட்டிச் சனங்கள்தான். நம் பத்திரிகைகளில் அந்தக் கேள்வி இன்னும் சரியாக விவாதிக்கப்படவில்லை.

பெண்களைப் பொறுத்தும் முறை என்பது தேன் மட்டும் இல்லை. மச்சான் முறை என்ற பேரில் கையைப் பிடித்தவனை எதிர்த்துப் பேசினால் 'கேலிக்கு என்னட்டி கோவம்' என்று அவளையே மடக்குவார்கள். தாலியறுத்தவளுக்குக் கேலி பண்ணுகிற உரிமை பறிபோகும். அவளைப் பண்ணுகிற உரிமை மட்டும் ஊருக்கு இருக்கும். பூ வண்டியில் இருக்கிற அந்தச் சுதந்திரம் தெருவுக்குள் இறங்கியதும் பாதியாகக் குறைகிறது. 'சங்கதி' இதைப் பார்த்திருக்கிறது, மாரியம்மா பஞ்சாயத்தில் பெண்கள் வாயை அடக்குகிற பக்கங்கள் சாட்சி.

அதைவிடப் பெரிய விஷயம் அருந்ததியர். 2009இல் 3 சதவீத உள் ஒதுக்கீடு வந்தபோது எங்கள் பக்கத்து டீக்கடைகளில் நம்மாட்கள் அடித்த கிண்டலை நான் காதால் கேட்டேன். இங்கே அச்சில் ஏற்ற மாட்டேன். 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உள்வகைப்பாடு செல்லும் என்று தீர்ப்புச் சொன்ன அன்றும் அதே கிண்டல், கொஞ்சம் புது வார்த்தைகளோடு. அவர்களை நாம் பண்ணுகிறோம், அவர்கள் நம்மைப் பண்ண முடியாது. அவர்களுக்கும் நமக்கும் மாமன் மச்சான் கிடையாது. அம்மாசிக்கு ஊர் என்ன செய்ததோ அதைத்தான் நாமும் செய்து கொண்டிருக்கிறோம். நம்மை அண்ணாச்சி என்று கூப்பிடுகிற ஒரு அருந்ததிய இளவட்டத்தின் கதையை நம் பத்திரிகைகள் போடுமா? போட்டால் எத்தனை சந்தா நிற்கும்?

கதையை வாசித்த அன்றைக்கு அந்தப் பெண்களிடம் இதையும் கேட்டேன். உங்கள் பூ வண்டியில் ஏன் அருந்ததியப் பெண்கள் ஒருத்தரும் ஏறுவதில்லை என்று. 'அவுகளுக்கு வேற வண்டிய்யா, அவுக நேரம் வேற' என்றார்கள். மச்சான் கேள்வி கேட்ட பெரியம்மை மட்டும் பேசாமல் வெத்தலையை மென்று கொண்டிருந்தது. மறுநாள் நான் முக்குக்குப் போய் நின்று பார்த்தேன். ரெண்டு வண்டியும் நாலரைக்குத்தான் புறப்பட்டன, ஒன்றன் பின்னால் ஒன்றாக.